கூப்பிடு தூரம்

அத்தியாயம் பதினேழு

"நான் எப்படிக்கா அப்பாவ ‘ஏங்க’ன்னு கூப்பிடறது?"

படுக்கையறை ஜன்னலருகே நின்று சின்னவன் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

"அம்மாகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான்டா. அது அங்க கேக்குதான்னுதான் பாக்கணும். நீ வேற எதக் கத்தினாலும் பிரயோஜனமில்ல" என்றாள் பெரியவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அம்மாவின் வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் கூடவே போயிற்று. ‘ஏங்க’ மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வருடம் அப்பாவைக் கூப்பிட்ட வார்த்தை. இப்போது தாகம் என்றாலும் அதுதான், வலி என்றாலும் அதுதான். மகளும் ஏங்க, மகனும் ஏங்க. பார்க்க வந்த இளம் டாக்டரையும் அம்மா அப்படியே கூப்பிட, அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்து விழித்தார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் பாதி வாயால் சிரித்தாள். அந்த வீடு கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் எங்கே கிளம்பினாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"டைம் போட்டுக்கலாம். ரெண்டு மணிக்கு ஒரு தடவ. ரெண்டு அஞ்சுக்கு ஒரு தடவ. ரெண்டு பத்துக்கு ஒரு தடவ. கேட்டதும் நான் கை தூக்கறேன். என்ன பாப்பா?"

நாற்பத்தாறு வயதான பாப்பா தலையாட்டினாள்.

"டைம் எதுக்குப்பா? அவன் தோணும்போது கூப்பிடட்டும்."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. குனிந்து வாரை மாட்டுவதில் கவனமாக இருந்தார். சின்னவன்தான் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"விடுக்கா. டைம் இல்லாம அவருக்கு மூச்சே வராது."

இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் போன ஞாயிற்றுக்கிழமைச் சண்டை.

ஊரில் வயதானவர்களுக்கென்று ஒரு கூடம் கட்டப்போகிறார்கள். உட்கார்ந்து பேச, படிக்க, கேரம் ஆட, பகலில் சற்று நேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க. எந்த இடத்தில் கட்டுவது என்று பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலை நகராட்சி சர்வேயரான பெரியவளிடம் வந்திருந்தது. அவர்கள் தெருமுனையில், பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய அச்சகம் பூட்டிக் கிடக்கிறது. அங்கேதான் கூடம் வர வேண்டும் என்று அப்பா நான்கே நாளில் அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கினார். அந்த நான்கு நாளும் தினமும் முகம் மழித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் அப்படி இருந்ததில்லை.

சின்னவன் ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறான். அம்மாவுக்கு அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் பார்த்து வைத்துவிட்டு வந்திருந்தான்.

"நீங்க கூடத்துக்குப் போயிடுவீங்க. அம்மா தனியா கெடந்து கூப்பிட்டா யாரு வருவா?"

"கூப்பிடு தூரம்டா. அங்க இருந்தா எனக்குக் கேக்கும்."

"கேக்குமா?"

"நாளைக்கே நிக்கறேன். நீ கூப்பிட்டுப் பாரு. கேக்கலன்னா நீ சொல்றபடி அவள கூட்டிட்டுப் போ."

நாளைக்கு என்றது வெள்ளிக்கிழமையாகிவிட்டது. அறிக்கை வாசிக்கப்படும் நாளும் அதுவே. இல்லத்துக்குப் பதில் சொல்லவும் சின்னவனுக்கு அன்று மாலைவரைதான் தவணை.

*

வீட்டிலிருந்து அச்சகத்தின் படிவரைக்கும் நூற்று நாற்பத்திரண்டு மீட்டர். பெரியவள் தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டி இரண்டு தடவை சரிபார்த்த எண் அது. அவள் அறிக்கைகளில் எண்கள் பிசகுவதில்லை. அலுவலகத்தில் அவளுக்கு ‘டேப்பு’ என்று பட்டப்பெயர்.

அப்பா ரோட்டைக் கடந்து அச்சகத்தின் மூன்றாவது படியில் ஏறி நின்றார். நல்ல சட்டை. சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு. பெரியவள் இந்தப் பக்கம், தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். அங்கிருந்து வீட்டு ஜன்னலும் தெரியும், அப்பாவும் தெரிவார்.

பகல் இரண்டு மணி வெயிலில் ரோடு அதிகம் ஓடவில்லை. பக்கத்துக் கிடங்கிலிருந்து அவ்வப்போது ஒரு லாரி திரும்பியது. அது போனபின் நீண்ட அமைதி. இந்த அமைதியில் கேட்காமல் போகாது என்று நினைத்தாள்.

அப்பா கை தூக்கினார்.

பெரியவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஜன்னலுக்கு அவள்தான் பக்கம். சக்கரத்தின் சத்தத்தில் தவறவிட்டோமோ என்று அதைக் கம்பத்தில் சாய்த்து வைத்தாள்.

ஒரு சைக்கிள் போயிற்று. எங்கோ யாரோ துணி உதறினார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா மறுபடி கை தூக்கினார். இந்தத் தடவை கொஞ்சம் உயரமாக, ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு டிரைவர் காட்டுகிற மாதிரி.

அவள் சின்னவனுக்குப் போன் போட்டாள். நாலைந்து மணி அடித்தபிறகு எடுத்தான். மூச்சு வாங்கியது.

"என்னடா, எத்தனை தடவ கூப்பிட்ட?"

"இன்னும் கூப்பிடவே இல்லக்கா. அம்மா துணிய நனைச்சிட்டா. தனியா பொரட்டிப் போட முடியல. பாதில நிக்கறேன்."

பெரியவள் மறுபடி அச்சகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொண்ணு. அப்பா வாசல்ல செருப்பு மாட்டிட்டு இருந்தாருல்ல, அப்பவே அம்மா கூப்பிட ஆரம்பிச்சிட்டா. ஏங்க, ஏங்கன்னு. நீ சக்கரத்த எடுக்கப் பின்னாடி போயிருந்த. அவரு திரும்பியே பாக்கல. அவருக்குச் சலிச்சுப் போச்சுக்கா. அது எனக்குப் புரியுது. ஆனா அத ஒத்துக்கணும்ல."

பெரியவளின் கண் அச்சகத்துப் படியில் இருந்தது. அப்பா கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். இறக்கினார். தலையைச் சற்று சாய்த்து, கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கை தூக்கினார்.

அவள் போனில் நேரம் பார்த்தாள். இரண்டு பத்து.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். நீ அம்மாவப் பாரு."

"சாயங்காலம் வச்சுக்கலாமா இத?"

"பாக்கலாம்."

யாரும் ஏறாத ஸ்டாப்பிலும் நேரத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்புகிற ஆள். அவர் அவர்களை ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு மணிக்கு மகன் கூப்பிடுவான் என்றால் கூப்பிட்டிருப்பான். அட்டவணையில் இருப்பது நடந்திருக்கும். தனக்குக் கேட்காதது தன் குறை மட்டும்தான். அந்தக் குறையைக் கை தூக்கி மூடிக்கொண்டார்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் வந்து உட்காரச் சொல்வது. அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் காத்து என்று ஏதாவது காரணம். டிவியில் படம் மட்டும் ஓடவிட்டு, சத்தம் அம்மாவுக்கு ஆகாது என்றது. பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பது. எஞ்சின் அவர் இடப்பக்கம் முப்பத்து நான்கு வருடம் இரைந்தது. அது இடது காதை எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டாலும், வலது எப்போது போயிற்று? ஒரே ஊரில் இருந்துகொண்டு தினமும் வந்து போகிற மகளுக்குத் தெரியவில்லை. சர்வேயர். ஊரில் யார் சுவர் எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறது என்று தெரிந்தவள்.

அப்பா படியிறங்கி ரோட்டைக் கடக்க ஆரம்பித்திருந்தார்.

கிடங்கிலிருந்து லாரி திரும்பியதை அவள் பார்த்தாள். ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல் அடித்தது. அப்பாவின் தோள்கூட அசையவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்தபடி, அதே நிதானத்தில் நடந்து வந்தார். அவள் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றுதான்.

லாரி அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா திரும்பினார்.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "பெரியவரே, காதுல என்ன பஞ்சா?"

அப்பா அவனைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்கு வழிவிடுகிற அசைவு. "போப்பா, போ. நீ போ."

"திமிரப் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல."

"ஹாரன் அடிச்சிருக்கலாம்ல? அடிக்காமயே பிரேக் போட்டான் பாரு. நம்மள மாதிரி ஆளு." அவருக்குத் திருப்தி. சர்வீஸில் அநாவசியமாக ஹாரன் அடிக்காத டிரைவர் என்று அவருக்குப் பெயர். பிரேக் எதுக்கு வச்சிருக்கான் என்று கேட்பார்.

பெரியவள் அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள். முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டாள்.

"எத்தனை தடவப்பா கேட்டுச்சு?"

"மூணு தடவையும். தெளிவா."

"யாரு கொரல்?"

"சின்னவன்தான். மொத தடவ கூச்சப்பட்டான். ரெண்டாவது நல்லா கத்தினான்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "மூணாவது அவங்கம்மா மாதிரியே இருந்துச்சு பாப்பா. ஒரு நிமிஷம் அவதான்னே நெனச்சேன்."

அவள் சக்கரத்தை மடக்கினாள். இரண்டு தடவை முயன்றும் கொக்கி விழவில்லை. அப்பா வாங்கி, ஒரே அழுத்தில் மடக்கிக் கொடுத்தார்.

*

நகராட்சிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். அப்பா ஜன்னலோரம், அவள் வலப்பக்கம். மடியில் அறிக்கை.

மூன்று இடங்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் காலி நிலம். அதைப் பார்க்கப் போனபோது பெரியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கண் காட்டிக்கொண்டு, "இங்கேருந்து நேரா உள்ள தள்ளிட்டுப் போயிடலாம்னு பாக்கறாங்க" என்றார்கள். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மைதானம். அரை மணிக்கு ஒரு பஸ், ஆனால் பஸ் வாசலுக்குள்ளேயே வந்து திரும்பும், ரோட்டைக் கடக்க வேண்டாம். கடைசியாக அச்சகம். கூரை நல்ல கூரை, அறைகள் பெரியவை, கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் நடை தூரம். அச்சகமே சிறந்தது என்று அவள் நேற்றே எழுதி முடித்துவிட்டாள். தன் வீட்டுக்காக எழுதவில்லை. எந்த வீட்டுக்காரியாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

"எந்த வரிசைல படிப்பாங்க?" என்று காலையிலேயே அப்பா கேட்டிருந்தார்.

"மூணும் படிப்பாங்கப்பா. கடைசில படிக்கறதுதான் நாங்க சிபாரிசு பண்ற இடம்."

"அப்ப நம்மது மூணாவது."

"ஆமா, மூணாவது."

அதை அவர் மனதில் ஏற்றிக்கொண்டது அப்போதே அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஸ்டாப் மாதிரி.

இப்போது அவள் அறுபத்து மூன்று கையெழுத்தையும் விரித்து வைத்துப் பார்த்தாள். சிலது கோணல், சிலது நடுங்கியது, ஒன்று வெறும் பெருவிரல். இதில் எத்தனை பேருக்கு அந்த ஹாரன் கேட்கும்? எல்லோருக்கும் அவரவர் வீட்டில் நல்ல சட்டை இருக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டே ரோட்டில் இறங்குவார்கள். தினமும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

அங்கே சிக்னல் வைக்க முடியாது என்று சாலைத்துறை எழுதிய கடிதமும் அதே கோப்பில் இருந்தது. நேற்றுவரை அது ஒரு சின்னக் குறை.

பேனாவை எடுத்தாள். வரிசையை மாற்றினாள். அச்சகத்துக்கு நேராக, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘வருகிற வாகனத்தின் ஓசை கேளாதவர்கள் இருக்கக்கூடும்.’ எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதிலேயே எண் எதுவும் இல்லாத ஒரே குறிப்பு.

அப்பாவின் தோள் அவள் தோளில் இடித்தது. "என்ன திருத்தற?"

"ஒரு சின்னத் தப்பு."

"உனக்கா? டேப்புக்கே தப்பா?" என்று சிரித்தார்.

இப்போது சொல்லிவிடலாம். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்காது. கத்தினால் பஸ்ஸுக்கே கேட்கும். காகிதத்தில் எழுதிக் காட்டலாம். என்னவென்று எழுதுவது? உங்களுக்குக் காது கேக்கலப்பா, அதனால இடம் போச்சு, அதனால அம்மாவும் போறாங்க. மூன்று வரிகூட வராது. அவளால் எழுத முடியவில்லை.

*

கூட்டம் மேல்மாடி ஹாலில். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், எல்லாம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அப்பாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர் தந்தி. தந்தி ஆபீசில் வேலை பார்த்ததால் வந்த பெயர். எந்தச் செய்தியையும் அரை மணியில் ஊருக்கே சேர்த்துவிடுவார் என்பதால் நிலைத்த பெயர்.

அவர் அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பெரியவள் அதைக் கவனித்தாள். இனி அவளால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

"உன் பொண்ணு மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?" என்றார் தந்தி.

"வந்தாச்சு, வந்தாச்சு. சரியா மூணு இருவது பஸ்ஸு" என்றார் அப்பா.

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்ற?"

"ஆமாமா" என்றார் அப்பா.

தந்தி சிரித்துவிட்டார். அப்பாவின் குறும்பு என்று எடுத்துக்கொண்டார். எத்தனை வருடமாக இப்படியே எடுத்துக்கொள்கிறாரோ.

நகராட்சித் தலைவி நல்ல பெண்மணி. அறிக்கையை வாங்கிப் புரட்டியவள், பேனாவால் திருத்திய பக்கத்தில் நின்றாள். பெரியவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து வேற மாதிரி சொன்னீங்களே?"

"இன்னிக்குப் போய் மறுபடி பாத்தேன் மேடம்."

"நிச்சயமா?"

பெரியவள் தலையசைத்தாள்.

தலைவி எழுந்து வாசித்தாள். ஹாலில் எதிரொலி. மைக் இருந்தது, அது கரகரக்கிறது என்று யாரோ நிறுத்திவிட்டார்கள். முதலாவது, ஆஸ்பத்திரி நிலம். அப்பா மடியில் விரல் ஒன்றை மடக்கினார். இரண்டாவது, அச்சகம். தலைவி குறிப்பை வாசித்தபோது பின்வரிசையில் சலசலப்பு. அப்பா இரண்டாவது விரலை மடக்கினார். அவர் முகத்தில், நம் ஸ்டாப் நெருங்கிவிட்டது என்று எழுந்து கம்பியைப் பிடிக்கிறவரின் பரபரப்பு.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி மைதானம். இதையே குழு பரிந்துரைக்கிறது.

தலைவி காகிதத்தைக் கீழே வைத்தாள்.

அப்பா கைதட்டினார்.

அந்த அமைதியில் அவர் ஒருத்தரின் கைதட்டல் மட்டும். தட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் திரும்பி, எல்லோரையும் தட்டச் சொல்லிப் புருவத்தைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. தலைவி நெகிழ்ந்துபோய் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "பெரிய மனசு ஐயா உங்களுக்கு" என்றாள். அவள் உதடு அசைவதைப் பார்த்து அப்பாவும் கைகூப்பினார். அதன்பிறகு ஒன்றிரண்டு பேர் தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

தந்தி மட்டும் தட்டவில்லை. அப்பாவின் இடது காதருகே குனிந்தார்.

"அறுபத்து மூணு பேர் கையெழுத்துய்யா. உன் பொண்ணு நம்மளக் கவுத்துட்டா. நீ கை தட்டற."

"எல்லாரோட ஒழைப்பும்தான்" என்றார் அப்பா, மேடையைப் பார்த்தபடி.

தந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். போகும்போது பெரியவளை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடமாக அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவர். அதை அவள் வாங்கிக்கொண்டாள்.

"தந்திக்கு என்னாச்சு? மூஞ்சியத் தூக்கிட்டுப் போறான்" என்றார் அப்பா படியிறங்கும்போது.

"களைப்பா இருக்கும்பா."

*

திரும்பி வரும் வழி முழுக்க அப்பா பேசினார். எட்டு மாதப் பேச்சு. எந்த அறையில் கேரம் பலகை போடுவது, எந்த ஜன்னலைத் திறந்து வைப்பது. நடு அறை ஜன்னல் வீட்டைப் பார்த்து இருக்கிறது, தான் அங்கேதான் உட்காரப் போவது. இடைவெளியே விடவில்லை. கேட்காதவர்கள் இப்படிப் பேசிக்கொண்டே இருப்பது அடுத்தவர் பேசிவிடக் கூடாது என்பதற்காக என்று அவளுக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

தெருமுனையில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தாள். தெருமுனை வந்தது. எதிரே அச்சகம். அப்பா நின்று, தன் வீட்டைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்து நடந்தாள். வாசலில் சொல்லலாம். வாசலும் வந்தது.

அவள் செய்ததில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரோட்டிலிருந்து அவரைக் காப்பாற்றியாயிற்று. காப்பாற்றி எங்கே கொண்டுவந்து விடுகிறாள்? இதே வீட்டுக்கு. பத்தடி தூரத்திலிருந்து அம்மா கூப்பிடுவாள், இவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். இந்த ஊரை முழுக்க அளந்தவளுக்கு, கூப்பிடு தூரம் என்று குறிக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே உள்ளே போனார். பெரியவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் போனபோது, அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். முதுகு வாசலைப் பார்த்து இருந்தது.

"மூணாவதுதான் வந்துச்சு. சொன்னேன்ல. இனிமே உன்ன யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது."

அம்மா இடது கையால் அவர் முழங்காலைத் தட்டினாள். தட்டிவிட்டு, அவர் தன் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்த பிறகே சொன்னாள்.

"ஏங்க."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தட்டலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பிரியம் என்று நினைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியுமோ. சொல்ல வார்த்தை இருந்த காலத்திலும் சொல்லவில்லை. இப்போது சொல்ல வார்த்தை இல்லை.

"என்னம்மா?" என்றார் அப்பா. "நம்பிக்கை இல்லயா? மூணு தடவையும் கேட்டுச்சு. உன் புள்ள கூப்பிட்டான், நான் கை தூக்கினேன். பாப்பா சாட்சி. நீ கூப்பிட்டா வந்துர மாட்டேனா?"

பெரியவளின் முதுகுக்குப் பின்னால் தரை அதிர்ந்தது. சின்னவன் முன்னறையிலிருந்து போனும் கையுமாக வந்து நின்றிருந்தான். காதிலிருந்து போனை மெல்ல இறக்கினான்.

"நான் கூப்பிடவே இல்லயே" என்றான்.

அவள் திரும்பவில்லை.

அவன் அப்பாவின் முதுகைப் பார்த்தான். "அப்பா" என்றான். சாதாரணமாக. பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு, எட்டு வயதில் கிணற்றடியில் விழுந்தபோது கூப்பிட்ட குரலில்.

அப்பா ஜன்னல் திரையை ஒதுக்கி, அம்மாவுக்கு அச்சகத்தின் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான் அக்காவிடம்.

"ரெண்டு பத்துக்கு."

அப்பாவுக்குச் சலித்துப்போயிற்று என்று மத்தியானம் போனில் சொன்னது சின்னவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கையில் தொங்கிய போனில் அந்த இல்லத்துப் பெண் இன்னும் இருந்தாள். சின்னக் குரல், ஆனால் அறைக்குள் மூன்று பேருக்கு நன்றாகக் கேட்டது.

"ஹலோ சார். அம்மாவ நாளைக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? ஹலோ. நான் பேசறது கேக்குதா?"